25 மி.மீ. ரப்பர் தரையும் ஏழடி உயரக் கம்பியும்

வாசகியின் கடிதம் (சுருக்கம்)

சென்னைப் புறநகரில் 96 வீடுகள் உள்ள அடுக்ககம் ஒன்றின் உரிமையாளர் சங்கச் செயலாளர் எழுதியிருக்கிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன் கட்டுநர் வீடுகளை ஒப்படைத்தபோது, விளையாட்டுத் திடலில் ஆற்று மணல் நிரப்பிய பள்ளமும், சறுக்குமரமும் தொங்கு கம்பிகளும் சேர்ந்த ஒரு கோபுரமும், இரண்டு ஊஞ்சல்களும் இருந்தன. பூனைகள் மணலை அசுத்தம் செய்கின்றன, செருப்போடு வரும் மணல் லிஃப்ட் வரை சிந்துகிறது என்று புகார்கள் வரவே, 14 மாதங்களுக்கு முன் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு மணலை அள்ளிவிட்டு, கான்கிரீட் தளம் போட்டு, அதன்மேல் 25 மி.மீ. தடிமனுள்ள ரப்பர் டைல்களை ஒட்டினார்கள். செலவு 3,80,000 ரூபாய். 'ஐரோப்பியத் தரச் சான்று பெற்றது' என்று ஒப்பந்ததாரர் ஒரு சான்றிதழும் கொடுத்திருக்கிறார்.

சென்ற மாதம் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தொங்கு கம்பியிலிருந்து கை வழுக்கி விழுந்ததில் முழங்கைக்கு மேல் எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். சிகிச்சைச் செலவோடு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் கேட்டு, 15 நாளில் பதில் தர வேண்டும் என்று சிறுமியின் தந்தை வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். உறுப்பினர்களில் ஒரு சாரார் எல்லாக் கருவிகளையும் பிடுங்கிவிடலாம் என்கிறார்கள். ஒரு சாரார் 'சொந்தப் பொறுப்பில் விளையாடவும்' என்று பலகை வைத்தால் போதும் என்கிறார்கள். மூன்றாவது சாரார் ரப்பருக்கு மேல் செயற்கைப் புல் விரிக்கலாம் என்கிறார்கள். "சான்றிதழ் பெற்ற தரைதானே, நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம்? என் மீது வழக்கு வருமா? ஒப்பந்ததாரரிடம் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?" என்று கேட்கிறார். சான்றிதழின் நகலையும் திடலின் நான்கு படங்களையும் இணைத்திருக்கிறார்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நகலையும் படங்களையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. உங்கள் சட்டக் கேள்விகளுக்கான விடைகளில் பாதி அந்தச் சான்றிதழின் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'இ.என். 1177-இன்படி சோதிக்கப்பட்டது' என்று இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு எல்லோரும் கோப்பில் போட்டுவிட்டீர்கள். இரண்டாம் பக்கத்தில் ஒரு சிறிய அட்டவணை இருக்கிறது: மாதிரியின் தடிமன் 50 மி.மீ.; நெருக்கடி வீழுயரம், அதாவது அந்தத் தரை தாங்கக்கூடிய வீழ்ச்சியின் உச்ச உயரம், 1.5 மீட்டர். உங்கள் திடலில் ஒட்டியிருப்பது 25 மி.மீ.; நீங்கள் அளந்து எழுதியிருக்கும் தொங்கு கம்பியின் உயரம் ஏழடி, அதாவது 2.1 மீட்டர். அந்தச் சான்றிதழ் உங்கள் தரைக்கு உரியதே அல்ல. உரியதாகவே இருந்தாலும் அந்தக் கம்பிக்குப் பொருந்தாது.

தரைக்குச் சான்று, எந்த உயரத்துக்கு?

விளையாட்டுத் தரையைப் பொறுத்தவரை 'பாதுகாப்பானது' என்று ஒரு தரையைத் தனியாகச் சொல்ல முடியாது. இத்தனை உயரம் வரை பாதுகாப்பானது என்றுதான் சொல்ல முடியும். ஐரோப்பியத் தரம் இ.என். 1177, அமெரிக்கத் தரம் ஏ.எஸ்.டி.எம். எஃப்1292 ஆகிய இரண்டின் அடிப்படையும் இதுதான். தமிழ்நாட்டில் விலைப்புள்ளிகளில் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றைத்தான் எழுதுகிறார்கள் என்பதால், சோதனை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வேறொரு வழக்குக்காக ஒரு பள்ளியின் திடலில் இந்தச் சோதனையை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். முக்காலி ஒன்றை நிறுத்தி, அதிலிருந்து அரைக்கோள வடிவிலான ஓர் உலோகத் தலையைத் தொங்கவிட்டார்கள். விட்டம் 16 செ.மீ., எடை 4.6 கிலோ, கையில் வாங்கியபோது பெரிய தேங்காயை இரும்பில் வார்த்ததுபோல் இருந்தது. அதற்குள் வேக மாற்றத்தை அளக்கும் உணர்கருவி இருக்கிறது. விடுவித்தால் 'தொம்' என்று விழுகிறது. விழுந்து நிற்கும் சில மில்லி நொடிகளில் என்ன நடந்தது என்பது மடிக்கணினித் திரையில் ஒரு கூர்மையான மலைபோல வரைபடமாக எழுகிறது. அதிலிருந்து இரண்டு எண்களை எடுக்கிறார்கள். ஒன்று, உச்ச அதிர்ச்சி: அது புவியீர்ப்பைப்போல 200 மடங்கைத் தாண்டக் கூடாது. மற்றொன்று, தலைக்காய அளவுகோல்: ஹெச்.ஐ.சி. என்பார்கள், அது 1000-ஐத் தாண்டக் கூடாது. அமெரிக்க முறையில், கேட்ட உயரத்திலிருந்து ஒரே இடத்தில் மூன்று முறை போட்டு, கடைசி இரண்டின் சராசரியை எடுக்கிறார்கள். முதல் அடியில் தரை அமுங்கிவிடும், அதற்குப் பிறகான நிலைதான் குழந்தைக்குக் கிடைக்கும் தரை என்பது காரணம். ஐரோப்பிய முறையில் உயரத்தைக் கூட்டிக்கொண்டே போய், எந்த உயரத்தில் எல்லை தொடப்படுகிறதோ அதை நெருக்கடி வீழுயரம் என்று எழுதுகிறார்கள். அன்று அந்தப் பள்ளியில் திடலின் ஓரத்தில் எண் எல்லைக்குள் இருந்தது. ஊஞ்சலுக்கு நேர் கீழே, குழந்தைகள் காலைத் தேய்த்துத் தேய்த்து ரப்பர் உதிர்ந்திருந்த இடத்தில் ஆயிரத்தைத் தாண்டியது. அதே தரை, அதே சான்றிதழ், ஐந்தடி தூரம்தான் வித்தியாசம்.

ஹெச்.ஐ.சி. 1000 என்பதும் 'அதற்குக் கீழே காயமே படாது' என்ற கோடு அல்ல. கார் மோதல் ஆய்வுகளிலிருந்து வந்த அளவுகோல் அது. அந்த எண்ணை எட்டும் மோதலில், வளர்ந்தவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு உயிருக்கு ஆபத்தான அளவு தலைக்காயம் ஏற்படலாம் என்பதுதான் அதன் பொருள். ஆகவே 980 வந்ததென்று இனிப்பு வழங்கும் ஒப்பந்ததாரரைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான்.

25 மி.மீ. ஏன் போதாது என்பதைக் கணக்காகவும் பார்க்கலாம். 2.1 மீட்டரிலிருந்து விழும் தலை, தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 23 கி.மீ. வேகத்தில் இருக்கும். அந்த வேகத்தை ஆயிரம் என்ற எல்லைக்குள் நிறுத்த வேண்டுமானால், தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே சீராகத் தடுக்கும் ஒரு கற்பனைத் தரைகூடக் குறைந்தது ஒன்றரை செ.மீ. அமுங்கியாக வேண்டும். நிஜ ரப்பர் சீராகத் தடுக்காது. முதலில் இளகி, பிறகு இறுகும். இரண்டரை செ.மீ. தடிமனில், அதுவும் பிசினால் இறுக்கமாக வார்த்த டைல், தன் தடிமனில் பாதிக்கு மேல் அமுங்குவதற்குள் கீழே இருக்கும் கான்கிரீட் வந்து முட்டிவிடும். உடற்பயிற்சிக் கூடத்தில் எடை வைக்க அந்த டைல் நல்லது. ஏழடிக் கம்பிக்குக் கீழே அது நிறம் பூசிய கான்கிரீட்தான்.

சான்றிதழின் கீழே ஐ.எஸ்.ஓ. 9001 என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். அது தயாரிப்பு நிறுவனத்தின் நிர்வாக முறைக்கான சான்று. டைலைப் பற்றி எதுவும் சொல்லாது. உறுப்பினர் ஒருவர் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை இருந்தால் போதும் என்றாராம். 2021 முதல் கட்டாயமாக்கப்பட்ட பொம்மைத் தர ஆணையின் கீழ் வரும் ஐ.எஸ். 9873-இன் நான்காம் பகுதி, வீட்டு உபயோகத்துக்கான ஊஞ்சல், சறுக்கு போன்றவற்றைப் பற்றியது. 96 வீட்டுக் குழந்தைகள் பயன்படுத்தும் பொதுத் திடலின் தரைக்கு அதைக் காட்டிப் பயனில்லை.

முழங்கை முறிவும் தரையும்

இங்கே இரு தரப்பாரின் நினைப்பையும் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. சிறுமியின் தந்தை, 'தரை சரியில்லாததால் கை முறிந்தது' என்று நோட்டீஸில் எழுதியிருக்கிறார். மேலே சொன்ன சோதனை தலையைக் காப்பதற்காக அமைந்தது. கை எலும்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. கையை ஊன்றி விழும்போது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது, ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகளிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படும் முறிவு. தொங்கு கம்பியிலிருந்து விழுவது அதற்குப் பெயர்பெற்ற காரணங்களுள் ஒன்று. தரத்துக்கு முற்றிலும் உட்பட்ட தரையிலும் அது நேரும். எனவே 'நல்ல தரை இருந்திருந்தால் இந்த முறிவு நேர்ந்திராது' என்று நிரூபிப்பது தந்தைக்கு எளிதன்று.

இதைப் படித்ததும் உங்களுக்கு ஒரு பெருமூச்சு வரலாம். அவசரப்பட வேண்டாம். சங்கம் கவனக்குறைவாக இருந்ததா என்பது ஒரு கேள்வி. அந்தக் கவனக்குறைவால்தான் இந்தக் காயம் நேர்ந்ததா என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதில் உங்கள் வாதம் வலுவாக இருக்கலாம். முதலாவதில் மிக மெலிந்தது. அவள் கையை ஊன்றாமல் தலை குப்புற விழுந்திருந்தால், இரண்டு கேள்விகளும் ஒன்றாகியிருக்கும்.

நீங்கள் கேட்காத ஊஞ்சல்

உங்கள் படங்களில் என்னை அதிகம் கலங்க வைத்தது தொங்கு கம்பி அல்ல, மூன்றாம் படத்தில் உள்ள ஊஞ்சல். ஊஞ்சலின் வீழுயரத்தைப் பலகையிலிருந்து அளக்கக் கூடாது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் பொது விளையாட்டுத் திடல் கையேடு, சங்கிலி மாட்டியிருக்கும் மேல் அச்சிலிருந்து அளக்கச் சொல்கிறது. உங்களுடையது எட்டடி, அதாவது 2.4 மீட்டர் வீழ்ச்சியைத் தாங்கும் தரை தேவை. மேலும், முன்னும் பின்னும் அந்த உயரத்தைப் போல இரு மடங்கு தூரம், உங்கள் கணக்கில் பதினாறு பதினாறு அடி, தடையின்றித் திறந்திருக்க வேண்டும் என்கிறது அதே கையேடு. படத்தில் சுற்றுச்சுவர் பின்னால் ஐந்தடியில் நிற்கிறது. அந்தக் கையேடு நமக்குச் சட்டமல்ல என்பது உண்மை. ஆனால் நம் திடல்களுக்கு எது நியாயமான கவனம் என்று ஒரு நீதிபதி கேட்கும்போது, எதிர்த்தரப்பு வக்கீல் மேசையில் எடுத்து வைக்கப்போவது அதைத்தான்.

இந்தப் பதில் அச்சாகும் வரை காத்திராமல், ஊஞ்சல் பலகைகளை இன்றே கழற்றிவிடுங்கள் என்று உங்களுக்குத் தனியாக எழுதியிருந்தேன். செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சங்கத்தின் பொறுப்பு எவ்வளவு?

பொது இடங்கள் சங்கத்தின் பராமரிப்பில் இருக்கின்றன. பராமரிப்புக் கட்டணமும் வாங்குகிறீர்கள். அவ்வகையில் அந்தத் திடலுக்கு வருபவர்களிடம் நியாயமான கவனம் காட்டும் கடமை உங்களுக்கு உண்டு. 'திறமையான ஒப்பந்ததாரரிடம் கொடுத்தோம், அவர் சான்றிதழ் தந்தார்' என்பது ஓரளவுக்கு எடுபடும் வாதம்தான். ஆனால் சான்றிதழின் இரண்டாம் பக்கமும் உங்கள் கோப்பிலேயே இருந்தது என்பதை மறக்கக் கூடாது. இன்னொன்றையும் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள்: எட்டு மாதங்களுக்கு முன் ஒரு தாய், வாட்ஸ்அப் குழுவில், 'இந்த டைல் கல்லு மாதிரி இருக்கு, யாராவது பாருங்கள்' என்று எழுதியதும், அதற்கு ஒரு நிர்வாகி சிரிக்கும் முகத்தைப் பதிலாகப் போட்டதும். அது சான்றாக நீதிமன்றத்துக்கு வரக்கூடியது. தயவுசெய்து யாரையும் அதை அழிக்கச் சொல்லாதீர்கள். அழித்தது தெரியவந்தால், இருந்ததைவிட அழித்ததே பெரிய கேடாகும்.

பலகை விஷயம். 'சொந்தப் பொறுப்பில்' என்று எழுதிவிட்டால் கடமை போய்விடும் என்பது நம் ஊரில் வாகன நிறுத்துமிடத்திலிருந்து நீச்சல் குளம் வரை பரவியிருக்கும் நம்பிக்கை. பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-ஆம் ஆண்டின் மோஹரி பீபி வழக்கிலிருந்து நிலைத்திருக்கும் சட்டம். பலகையைப் படித்து ஏழு வயதுக் குழந்தை உங்களோடு எந்த உடன்பாட்டுக்கும் வருவதில்லை. அதைவிட முக்கியம், குழந்தைகளைக் கவரும் ஆபத்து என்ற கருத்து. கிளாஸ்கோ நகரப் பூங்காவில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கண்ணைப் பறிக்கும் நச்சுப் பழங்களைத் தின்று இறந்த வழக்கில், குழந்தையைக் கவர்ந்திழுக்கும் ஆபத்தைத் திறந்து வைத்திருப்பவர் பெரியவர்களுக்குச் சொல்லும் சமாதானத்தைக் குழந்தையிடம் சொல்ல முடியாது என்ற கோட்பாட்டை 1922-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை ஏற்றது. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது, ஆனால் வழிகாட்டும். வயது வரம்பையும் பெற்றோர் உடனிருக்க வேண்டும் என்பதையும் சொல்லும் பலகை வையுங்கள், அது பயனுள்ளது. கடமையைத் துடைத்துவிடும் என்று எண்ணி வைக்காதீர்கள்.

உங்கள் சொந்த அச்சத்துக்கு வருகிறேன். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். கவனக்குறைவான செயலால் கொடுங்காயம் விளைவித்தால், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே விதிக்க இடமிருக்கிறது. இதை மறைப்பதில் பயனில்லை. ஆயினும் குற்ற வழக்கில் எதிர்பார்க்கப்படும் கவனக்குறைவு, இழப்பீட்டு வழக்கில் பார்க்கப்படுவதைவிடப் பலமடங்கு கனமானது. பொதுக்குழுத் தீர்மானத்தின்படி, சந்தைக்குத் தெரிந்த ஒப்பந்ததாரரிடம் வேலை கொடுத்த ஒரு செயலாளர்மீது அது எளிதில் நிலைக்காது. ஆனால் இது இன்றுவரையான நிலை. இரண்டாம் பக்கத்தைப் படித்துவிட்ட பிறகும் திடலை அப்படியே திறந்து வைத்து, அடுத்த குழந்தை விழுந்தால், இதே பதிலை என்னால் எழுத முடியாது.

ஒப்பந்ததாரரிடம் என்ன கேட்கலாம்?

இங்கே உங்கள் கை ஓங்கியிருக்கிறது. 50 மி.மீ.க்கு உரிய சோதனை அறிக்கையைக் காட்டி 25 மி.மீ. டைலை விற்றது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பொருளில் குறைபாடு, சேவையில் குறைபாடு, நேர்மையற்ற வணிக முறை ஆகிய மூன்றின் கீழும் வாதிடத்தக்கது. குடியிருப்பவர்களின் சொந்தப் பயன்பாட்டுக்காக வாங்கியதால் 'வணிக நோக்கம்' என்ற தடையும் உங்களுக்கு இல்லை.

செய்ய வேண்டியவை சில, வரிசை முக்கியம்:

1. விலைப்புள்ளி, பணி ஆணை, ரசீது, சான்றிதழின் இரு பக்கங்கள், ஒப்பந்ததாரரோடு நடந்த செய்திப் பரிமாற்றம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். விலைப்புள்ளியில் 'இ.என். 1177' என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், இந்தியாவில் அந்தத் தரம் கட்டாயமா இல்லையா என்ற விவாதமே எழாது. அவரே ஒப்புக்கொண்ட நிபந்தனை அது.

2. தரையைப் பெயர்ப்பதற்கு முன், ஒப்பந்ததாரருக்கு எழுத்துமூலம் தெரிவித்து, அவர் முன்னிலையில் இரண்டு மூன்று டைல்களை எடுத்து, தடிமனை அளந்து படம் பிடித்து, முத்திரையிட்டு வையுங்கள். கோபத்தில் மொத்தத்தையும் பெயர்த்துக் குப்பையில் போட்டுவிட்டு வழக்குக்கு வருபவர்கள் ஏராளம். சான்று குப்பை வண்டியில் போய்விடுகிறது.

3. அதே சட்டத்தின் 38(2)(c) பிரிவின்படி, சோதித்துப் பார்த்தால்தான் தெரியும் குறைபாடு என்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையமே மாதிரியை முத்திரையிட்டுத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாளில் அறிக்கை கேட்க முடியும். அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டும்.

4. காலவரம்பு இரண்டு ஆண்டுகள். விபத்து நடந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதிடலாம். ஆனால் வேலை முடிந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது உத்தமம். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு எஞ்சியிருப்பது பத்து மாதம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட ஆணையத்தில் வழக்குக் கட்டணம் கிடையாது.

கட்டுநரையும் இதில் இழுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தரைக்காக முடியாது, அவர் கொடுத்தது மணல், அள்ளியது நீங்கள். ஆனால் ஊஞ்சலைச் சுவரோடு ஒட்டி நட்டது அவர். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவு, ஒப்படைப்பிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் சுட்டிக்காட்டும் குறைகளை 30 நாளில் கட்டணமின்றிச் சரிசெய்யச் சொல்கிறது. ஓராண்டுகூட மீதமில்லை, எழுதிப் போடுங்கள்.

திடலை என்ன செய்வது?

பிடுங்கி எறிவதை நான் விரும்பவில்லை. திடல் இல்லாவிட்டால் குழந்தைகள் விளையாடுவதை நிறுத்த மாட்டார்கள். வாகனங்கள் நிற்கும் இடத்துக்குப் போவார்கள். அங்கே எந்தத் தரச் சான்றும் இல்லை.

செயற்கைப் புல் யோசனையை இப்போதே கைவிடுங்கள். புல்லின் அடியில், அதிர்ச்சி தாங்கும் திண்டு வைத்துச் சோதித்த அமைப்பு என்றால் வேறு, 25 மி.மீ. ரப்பருக்கு மேல் பச்சைக் கம்பளம் விரிப்பது, தரை எப்படியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாமல் செய்வதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

மிகக் குறைந்த செலவில் பாதுகாப்பைக் கூட்டும் வழி, தரையைத் தடிப்பாக்குவதைவிட உயரத்தைக் குறைப்பது. இதை யாரும் முதலில் நினைப்பதில்லை. உங்கள் கோபுரத்தின் மேடை நான்கடி, 1.2 மீட்டர். ஒப்பந்ததாரர் தன் சான்றிதழில் காட்டிய அதே 50 மி.மீ. டைலைத் தன் செலவில் போட்டால், 1.5 மீட்டர் வரை தாங்கும் தரை மேடைக்குப் போதும். தொங்கு கம்பியை அந்தத் தரைக்குப் பொருத்த வேண்டுமானால் நாலரை அடிக்கு இறக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அதில் கால் தரையில் தட்டும், தொங்கவே முடியாது. ஆகவே சிறு பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் கம்பிப் பகுதியைக் கழற்றிவிடுங்கள். கருவியைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது ஆறடிக்கு அதே தரை இருக்க வேண்டும். படத்தில் சறுக்குமரத்தின் வால் கிட்டத்தட்ட நடைபாதைக் கல்லில் போய் நிற்கிறது.

பெரிய பிள்ளைகளுக்கு ஏழடிக் கம்பி வேண்டும் என்றால், நீங்கள் அள்ளி எறிந்த மணலைப் பற்றி மறுபடி யோசிக்கலாம். விளையாட்டுக் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரத்தின் (இ.என். 1176) அட்டவணையில், களிமண் இல்லாமல் கழுவிய 0.2 முதல் 2 மி.மீ. பருமனுள்ள மணல் 30 செ.மீ. ஆழம், சிதறிப்போவதற்கு ஈடாக மேலும் 10 செ.மீ. இருந்தால் மூன்று மீட்டர் வரை ஏற்கிறார்கள். அமெரிக்கக் கையேடோ ஒன்பது அங்குல மணலுக்கு நான்கடிதான் கொடுக்கிறது. அதே ஆழத்துக்கு மரச்சில்லுகளுக்குப் பத்தடி வரை கொடுக்கிறது. இரண்டு அட்டவணைகளுக்கும் இவ்வளவு இடைவெளி இருப்பதே, உங்கள் மணலை உங்கள் இடத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்பதற்குக் காரணம். ஆற்று மணல் கிடைக்காது என்று எம்-சாண்டைக் கொட்டிவிடாதீர்கள். கூர்முனைகளும் பொடியும் கலந்த அது, ஒரு மழைக்குப் பிறகு இறுகித் தளமாகிவிடும். கட்டடத்துக்கு அதுதான் வேண்டும், குழந்தைக்கு வேண்டாம். பூனைக்கு, இரவில் விரிக்கும் வலையே போதுமானது. வாரம் ஒருமுறை கிளறிவிட ஓர் ஆள், ஆழத்தைக் காட்டக் கருவியின் காலில் ஒரு கோடு. நான் பார்த்தவரை மணல் தோற்பது மணலால் அல்ல, கிளறுவதற்கு யாரும் இல்லாததால்.

ரப்பரே என்று முடிவானால், வெயிலையும் கணக்கில் எடுங்கள். அமெரிக்க ஆய்வகச் சோதனையில் மேல் எல்லை 49 டிகிரி செல்சியஸ். நம் மே மாத மதியத்தில் கரும் நிற ரப்பரின் மேற்பரப்பு அதைத் தாண்டும். வெறுங்காலோடு வரும் குழந்தைக்குப் பாதம் வெந்துவிடும். வெளிர் நிறமும் நிழல் துணியும் அழகுக்கு அல்ல.

புதிய பணி ஆணையில் இந்த ஒரு வாக்கியத்தைச் சேருங்கள்: 'பதித்து முடித்த பின், திடலிலேயே, சங்கம் சுட்டிக்காட்டும் இடங்களில், ஒவ்வொரு கருவியின் வீழுயரத்திலிருந்தும், ஒப்பந்ததாரரைச் சாராத மூன்றாம் தரப்பினர் செய்யும் சோதனையில் ஹெச்.ஐ.சி. 1000-க்கும் உச்ச அதிர்ச்சி 200-க்கும் மேற்படாதிருந்தால் மட்டுமே இறுதித் தவணை வழங்கப்படும். மேற்பட்டால் ஒப்பந்ததாரர் தன் செலவில் மாற்றித் தருவார்.' இதைப் படித்ததும் விலை கூடினால் அவர் தொழில் தெரிந்தவர். பின்வாங்கினால் அதுவும் நல்லதே. ஆண்டுக்கு ஒருமுறை அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஊஞ்சலுக்குக் கீழும் சறுக்கின் முடிவிலும் மறக்காமல் போடச் சொல்லுங்கள். பொதுப் பொறுப்புக் காப்பீடும் ஒன்று எடுத்து வையுங்கள்.

நோட்டீஸுக்குப் பதில்

பதினைந்து நாளில் ஏழு போய்விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள். மௌனமாக இருக்க வேண்டாம். 'குழந்தையைக் கவனிக்காதது பெற்றோர் தவறு' என்ற வரியை நிர்வாகக் குழுவில் சிலர் வற்புறுத்துவார்கள். அதை எழுதாதீர்கள். அது சட்டப்படியும் பெரிதாக உதவாது. ஒரே லிஃப்டில் தினமும் ஏறி இறங்கும் மனிதரைப் பத்து ஆண்டுப் பகையாளி ஆக்கிவிடும். தரை பற்றிய குறையை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். ஆய்வு நடக்கிறது, கருவிகள் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன என்ற இரண்டு உண்மைகளை எழுதுங்கள்.

அதோடு, 'உரிமைகளுக்குப் பாதகமின்றி' (அதாவது, இது பொறுப்பை ஒப்புக்கொள்வதாகாது) என்ற குறிப்போடு தனிக் கடிதமாக, மருத்துவமனை ரசீதுகளின்படி சிகிச்சைச் செலவையும், வைத்த கம்பியை எடுக்கும்போது ஆகும் செலவையும், உடற்பயிற்சி சிகிச்சைச் செலவையும் சங்கம் ஏற்கும் என்று சொல்வதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேளுங்கள். 5 லட்சம் என்பது பேச்சின் தொடக்கப் புள்ளியாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. முடிந்தால் பதில் கிளம்புவதற்கு முன் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய், கோப்பு எதுவும் எடுத்துச் செல்லாமல், குழந்தையின் கை எப்படியிருக்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள். உங்கள் கடிதத்தின் ஐந்து பக்கத்திலும் அந்தச் செய்தி மட்டும் இல்லை.